தோட்டப் பாடசாலைக்குப் பொருள் தந்தோர்

ஒரு பாடசாலைக்கு இன்றியமையாதன மூன்று. இருந்து கற்பதற்கோர் இடம் வேண்டும். கற்பிப்பதற்கோர் ஆசிரியர் வேண்டும். கற்றற்குரிய கருவிகள் வேண்டும். முன்னைய இரண்டைப் பற்றியும் இலங்கையின் சட்டங்களும் ஆணைக்குழு அறிக்கைகளும் மிக விரிவாகப் பேசியுள்ளன. மூன்றாவதாகிய கருவியோ எக்காலத்தும் பின்தள்ளப்பட்டே வந்துள்ளது. அரிவரிப் புத்தகம், கற்பலகை, கரும்பலகை என்றிருந்த கருவிகள் இன்று கணினி, புரொஜெக்டர், இணையவழிப் பாடம் என வளர்ந்து நிற்கின்றன. கருவி மாறியதேயன்றி, அதனை யார் பொருளில் வாங்குவது, வாங்கியதனை யார் பொருளிற் பேணுவது என்னும் வினா மாறவில்லை.

இவ்வினா நுவரெலியா, ஹட்டன் முதலிய மத்திய மலைநாட்டுப் பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளிலே மிகக் கூர்மையாக எழுகின்றது. அங்குள்ள ஆரம்பப் பாடசாலைகள் தத்தம் ஊரிலேயே நிதி திரட்டிக் கணினி வழிக் கல்விக்கு வேண்டியவற்றைத் தேடிக்கொள்ளலாகாதா எனக் கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கு விடை காணுமுன், மலைநாட்டில் 'ஊர்' என்பது எது என்று கேட்டல் வேண்டும். கடந்த நூற்றெழுபது ஆண்டுகளில் இப்பாடசாலைகளுக்குப் பொருள் தந்தோர் யாவர், என்ன நோக்கத்தோடு தந்தனர் என்பதை ஆராய்ந்தால் அவ்விரண்டு கேள்விகளும் ஒன்றே என்பது புலனாகும்.

சபையும் துரைமாரும்

தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரை மலைநாட்டுக்குக் கொணர்ந்தது முதலிற் கோப்பிப் பயிர்ச்செய்கையாகும். 1869 ஆம் ஆண்டிலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் நாட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பருவந்தோறும் வந்து மீண்டனர். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது; எனவே தொழிலாளர் குடும்பத்தோடு இலயங்களிலே நிலைத்து வாழலாயினர். குடும்பம் நிலைத்தபின்னரே பிள்ளைகளின் கல்வி ஒரு பிரச்சினையாக எழுந்தது.

இத்துறையில் முதலிற் பொருள் செலவிட்டோர் கிறித்தவ சபையார். 1854 ஆம் ஆண்டளவிலே கண்டியை நிலைக்களமாகக் கொண்டு அங்கிலிக்கன் திருச்சபையினர் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டங்கள் சிலவற்றிலே சிறு பாடசாலைகளை நடத்திற்று. அதற்கு வேண்டிய பணத்திற் பெரும்பகுதி தோட்டத் துரைமாரின் சந்தாவாக வந்தது. துரை விரும்பிய தோட்டத்திற் பாடசாலை நடந்தது. விரும்பாத தோட்டத்தில் நடக்கவில்லை. தேயிலை விலை வீழ்ந்த காலத்திற் சந்தாவும் வீழ்ந்தது. பொருள் தருவோரின் மனநிலையும் சந்தை நிலையுமே பிள்ளையின் கல்வியை அளந்தன. மலைநாட்டுக் கல்வியிற் பின்னர் நேர்ந்த பலவற்றுக்கும் இத்தொடக்கமே முன்மாதிரியாயிற்று.

சட்டம் கட்டளையிட்ட அறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் இதனிற் கைவைத்தது. 1907 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், தோட்டத்துத் தொழிலாளரின் ஆறு முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது தோட்ட அதிகாரியின் கடமை என விதித்தது. அதன்பொருட்டுத் தகுந்த ஓர் அறையை ஒதுக்கி அதனைப் பழுதின்றிப் பேணுதல் வேண்டும் என்றும் அது கூறிற்று. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டமும் இக்கடமையைத் தொடர்ந்து வலியுறுத்தின.

இச்சட்டத்தின் சொற்கள் கருதற்பாலன. அஃது அறையைப் பற்றிப் பேசியது; அறையைப் பேணுதல் பற்றியும் பேசியது. அறையினுள் இருக்கவேண்டிய புத்தகம், பலகை, படம் ஆகியவற்றை யார் வாங்கித் தருவது என்பதனை அத்துணைத் தெளிவாகப் பேசவில்லை. வித்தியாபகுதியார் பரிசோதித்து உதவி நன்கொடை வழங்கினர்; அஃது ஆசிரியர் சம்பளத்துக்கே போதாது. பெரும்பாலானவை ஓராசிரியர் பாடசாலைகள். ஒரே மண்டபத்திற் பல வகுப்புகள்; மூத்த பிள்ளைகள் காலையிற் கற்று மாலையில் வேலைக்குப் போவர், அல்லது வீட்டிலிருந்து தம்பி தங்கையரைப் பார்ப்பர். 1923 ஆம் ஆண்டு தொடக்கம் கண்டியிலிருந்து கடமையாற்றிய இந்திய அரசாங்க ஏஜெண்டின் ஆண்டறிக்கைகள் தோட்டக் கல்வியின் குறைகளையும் எடுத்துரைத்து வந்தன. அறிக்கைகள் அச்சாயின, அறைகள் அவ்வாறே இருந்தன.

இலவசக் கல்வியின் எல்லை

1945 ஆம் ஆண்டிலே சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு அது பல்கலைக்கழகம் வரை வாயிலைத் திறந்தது. தோட்டப் பிள்ளைக்கோ இலவசமாகக் கிடைத்தது முன்னர் இருந்த அதே அறையும் அதே ஐந்தாம் வகுப்புமேயாம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்பதற்கு 1947 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழிவகுத்ததாயினும் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

அதற்கடுத்து நிகழ்ந்தது கல்வித்துறைக்குப் புறத்தே நிகழ்ந்ததாயினும், கல்விக்கு அதனினும் பெருங்கேடு விளைத்தது பிறிதொன்றில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இல் தொடர்ந்த சட்டங்களும் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கி வாக்குரிமையையும் பறித்தன. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. பாடசாலைக் கட்டடமும் தளபாடமும் தொகுதி உறுப்பினரின் முயற்சியாற் பெறப்பட்ட காலம் அது. வாக்கில்லாதார்க்கு உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதார்க்குப் பொதுப்பணத்திற் பங்கில்லை.

1960, 1961 ஆம் ஆண்டுகளிலே உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விலக்கப்பட்டன. 1975 ஆம் ஆண்டில் தோட்டங்களே அரசுடைமையாயின. தோட்டம் அரசினதாயின் பாடசாலையும் அரசினதாதல் முறையன்றோ? 1977 ஆம் ஆண்டு தொடக்கமே பாடசாலைகள் படிப்படியாகப் பொறுப்பேற்கப்பட்டன. 1907 ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து எண்ணினால், எழுபது ஆண்டுகளின் பின்னரே தோட்டப் பிள்ளை நாட்டின் பொதுக் கல்வி முறையினுள் காலடி வைத்தது.

அயல்நாட்டார் உதவி

அரசாங்கம் பொறுப்பேற்ற கட்டடங்கள் பலவும் பழைய தோட்ட மண்டபங்களே. அவற்றைத் திருத்தவும் புதியன எழுப்பவும் ஆசிரியர் விடுதி அமைக்கவும் 1980களிலே சுவீடன் நாட்டு உதவி வந்தது. தோட்டப் பகுதிக்கு வேண்டிய ஆசிரியரைப் பயிற்றுவதற்காக ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி நிறுவப்பட்டது. கல்வித் தரம் உயர்ந்ததற்கு இவ்விரு உதவிகளும் பெருங்காரணம் என்பதனை மறுப்பார் இலர். தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியராகித் தம் தோட்டத்துக்கே மீண்டு கற்பிக்கும் நிலை இதனால் உருவாயிற்று.

ஆயினும் அயல்நாட்டு உதவிக்கு இயல்பானதோர் எல்லை உண்டு. அது கால வரையறை உடையது. கட்டி முடித்த பின் விடைபெறுவது. கூரை ஒழுகும்போதும் கதவு உடையும்போதும் அவ்வுதவி அருகில் இராது. 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் இப்பாடசாலைகளின் நிருவாகம் மாகாண சபையைச் சார்ந்தது. 1992 இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கொம்பனிகளிடம் சென்றது. பிள்ளைக் காம்பரா, சுகாதாரம், வீடு ஆகியவை தோட்டத்தின் பக்கமும், பாடசாலை மாகாணத்தின் பக்கமுமாகப் பிரிந்தன. ஒரே பிள்ளை ஐந்து வயது வரை ஒருவர் பொறுப்பிலும் அதன்பின் வேறொருவர் பொறுப்பிலும் வளரலாயிற்று.

கணினி வந்த வரலாறு

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கணினிக் கல்வி நாடெங்கும் பரவலாயிற்று. உலக வங்கி முதலியவற்றின் கடனுதவியோடு கிராமங்களில் 'நெனசல' அறிவு நிலையங்கள் திறக்கப்பட்டன. 2012 ஆம் ஆண்டளவில் ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளை மேம்படுத்தும் திட்டத்தின் கீழ்த் தொழில்நுட்ப ஆய்வுகூடங்கள் எழுந்தன. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களை அடுத்த பெரிய பாடசாலைகள் இவற்றாற் பயன்பெற்றன. ஆனால் தோட்டப் பாடசாலைகளிற் பல ஐந்தாம் வகுப்போடு முடிவன, அல்லது சிறிய இரண்டாம் வகைப் பாடசாலைகள். கணினி இடைநிலை மாணவனுக்குரியது என்னும் எண்ணத்தால் ஆரம்பப் பிள்ளை பட்டியலுக்கு வெளியே நின்றது. இந்தியத் தூதரகத்தைச் சார்ந்து 1940களிலிருந்து வழங்கப்படும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியப் புலமைப்பரிசிலும் உயர்கல்வியை நாடும் மாணவருக்கே உரியது.

இக்குறை எவ்வளவு பெரிது என்பதை 2020 ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் தொலைக்காட்சியிலும், கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்திலும், கைத்தொலைபேசியின் குழுச் செய்திகளிலும் நடந்தன. இலயத்து வீட்டில் ஒரு தொலைபேசி இருந்தால் அது தந்தையோடு கொழும்புக்கோ தாயோடு மலைக்கோ சென்றிருக்கும். இருந்த தொலைபேசிக்கும் பள்ளத்தாக்குகளில் அலை எட்டுவதில்லை. 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ரூபா 1000 ஆக விதிக்கப்பட்டது. அதுவும் நீண்ட போராட்டத்தின் பின்னரே. அக்கூலியில் இணையத்துக்குப் பணம் செலுத்துவதா அரிசி வாங்குவதா என்பது தெரிவு ஆகாது. நாட்டின் கணக்கெடுப்புகளில் கணினி அறிவு மிகக் குறைந்த துறையாகத் தோட்டத்துறை தொடர்ந்து இடம்பெறுவதற்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நிலைமையை மேலும் இறுக்கிற்று. டொலருக்கு ஏறத்தாழ ரூபா 200 ஆக இருந்த நாணயமாற்று விகிதம் 360 ஐ எட்டியது. அச்சுத்தாள் இல்லாமையால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. தாளே கிடையாத நாட்டில் மடிக்கணினியின் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. இதன் பின்னர் இந்திய அரசாங்கம் ஒன்பது தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்த முன்வந்து, தொடக்கத்தில் அறிவித்த ரூபா 300 மில்லியனை 2024 இல் இரட்டித்தது. அவ்வொன்பதில் ஆறு மத்திய மாகாணத்தைச் சார்ந்தவை. உதவி பெரிது. ஆயினும் மலைநாட்டிலுள்ள தோட்டப் பாடசாலைகளோ பல நூறு.

பிடியரிசியும் சீரமைப்பும்

இவ்விடத்திலேதான் உள்ளூர் நிதி என்னும் எண்ணம் எழுகின்றது. தமிழர் வரலாற்றில் அதற்குச் சிறந்த முன்மாதிரிகள் இரண்டு உள. யாழ்ப்பாணத்திலே 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய காலந்தொட்டு, சைவப் பாடசாலைகள் ஊராரின் பொருளால் வளர்ந்தன. நாள்தோறும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைத்துப் பாடசாலைக்கு வழங்கும் பிடியரிசி வழக்கம் அங்கே பயின்றது. சிறிது சிறிதாயினும் தவறாது வருவது அதன் சிறப்பு. தமிழ்நாட்டிலே 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு இயக்கம் மற்றொன்று. ஒவ்வோர் ஊரும் தன் பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, ஊராரே கட்டடமும் தளபாடமும் கருவியும் அளித்தனர். அதன் வழித்தோன்றலாகவே 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' என்னும் திட்டம் அங்கே தொடங்கப்பட்டது.

இவ்விரண்டினையும் மலைநாட்டுக்கு அப்படியே பெயர்த்து நடலாம் என்பார் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வண்ணார்பண்ணையார் தம் சொந்த நிலத்திலிருந்து பிடியரிசி தந்தனர். தமிழ்நாட்டு ஊரிலே நிலமுடையோரும் வணிகரும் இருந்தனர்; ஊராட்சி இருந்தது. தோட்டத்திலோ இலயமும் அதன் முன்னுள்ள காய்கறித் தோட்டமும் பாடசாலை நின்ற நிலமும் தொழிலாளிக்கு உரியன அல்ல. ஊராட்சியும் அவனுக்கு எட்டவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. பிரதேச சபைக்கு வாக்களித்த மக்களுக்கு, அச்சபையால் ஒரு படிக்கட்டையும் கட்டித்தர முடியாத விந்தை முப்பது ஆண்டுகள் நீடித்தது. மலைநாட்டில் உள்ளூர் நிதி வளராமைக்குக் காரணம் மக்களின் அக்கறையின்மை அன்று. சட்டத்தின் கண்ணில் அங்கே ஊரே இருக்கவில்லை என்பதே காரணம்.

2018 ஆம் ஆண்டு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. நுவரெலியாப் பிரதேச சபையிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனைச் சபைகளும், அம்பகமுவைச் சபையிலிருந்து நோர்வூட், மஸ்கெலியாச் சபைகளும் பிரிந்து அவ்வாண்டுத் தேர்தலைச் சந்தித்தன. அதே ஆண்டு 33 ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. தோட்டத்துக்கு ஊர் என்னும் தகுதி தரும் முதற்படி இவ்வாறு வைக்கப்பட்டது.

ஏற்கனவே உள்ள ஊர்

சட்டம் ஏற்கும் முன்னரே மக்கள் தமக்கென ஓர் ஊரை உண்டாக்கிக் கொண்டனர் என்பதும் உண்மை. ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் கோவில் இருக்கின்றது. திருவிழாச் செலவுக்கான சந்தா செக்ரோல் வழியே சம்பளத்திற் கழிக்கப்பட்டுக் கோவிற் கணக்கிற் சேரும். மரண வீட்டுக்கு உதவும் சங்கங்கள் மாதச் சந்தாவால் நடக்கின்றன. தொழிற்சங்கச் சந்தாவும் அவ்வாறே. வீடமைப்புக்கெனத் தோட்டத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உள. நாட்கூலி பெறுவோர், சிறு தொகையைத் தவறாது செலுத்தித் தமக்கு வேண்டிய பொதுப்பணியை நடத்தும் ஆற்றலுடையர் என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டா. பிடியரிசி மலைநாட்டுக்கு அயலானது அன்று; அது வேறு பெயரில் அங்கே வழங்கிவருகின்றது.

பாடசாலைக்கும் சட்டபூர்வமான அமைப்பு உண்டு. அதிபர் தலைமையில் பெற்றார், ஆசிரியர், பழைய மாணவர் ஆகியோர் கூடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமே அது. 2006 ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறைக்கு வந்த பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், வேண்டியவற்றைத் தானே திட்டமிட்டுப் பெறும் உரிமையைப் பாடசாலைக்கு விரித்தளித்தது. ஆயினும் மாணவர் தொகையையும் வகுப்புகளையும் அளவாகக் கொண்டு வழங்கும் நிதி, ஐம்பது பிள்ளைகள் பயிலும் பாடசாலைக்குச் சிறிதாகவே வரும். வசதி படைத்த நகரப் பாடசாலையின் சங்கம் பழைய மாணவரிடமிருந்து பெறுவதோ அதனிற் பன்மடங்கு. உள்ளூர் நிதியை மட்டும் நம்பின், உள்ளவர் பாடசாலை உயரவும் இல்லாதவர் பாடசாலை தாழவும் நேரும் என்பது இதனால் விளங்கும்.

எனவே செலவை இரண்டாகப் பகுத்துக் காண்டல் வேண்டும். கணினி, புரொஜெக்டர், மின்னிணைப்பு, மின்னலிலிருந்து காக்கும் அமைப்பு ஆகியவை ஒருமுறை செலவு. இவற்றை வழங்குதல் மாகாணத்தினதும் மத்திய அரசினதும் கடமை. பிரதேச சபையும், அத்தோட்டத்தின் விளைவால் வாழும் கொம்பனியும் அதிற் பங்கேற்றல் தகும். இக்கடமையை நாட்கூலி பெறுவோர் தலையில் ஏற்றுதல் இலவசக் கல்விக்கு மாறானது. மின்கட்டணம், பழுதுபார்த்தல், இணையக் கட்டணம், காவல் ஆகியவை மாதந்தோறும் வருவன. மலைநாட்டின் ஈரமும் பனிமூட்டமும் கருவியை விரைந்து கெடுப்பன; பேணுவார் இன்றேல் புதிய கணினியும் சில ஆண்டுகளில் அலுமாரியில் உறங்கும். இச்சிறு தொடர்செலவுக்கே ஊராரின் விருப்பச் சந்தா பொருந்தும். தொகையினும், கணக்கைத் தாமே வைத்துப் பார்ப்பதாற் பிறக்கும் உரிமையுணர்வே அதன் முதற்பயன்.

செலவைக் குறைக்கும் வழிகளும் உள. பாடங்களை ஒருமுறை இறக்கிச் சேமித்து வைத்தால் இணையமின்றியும் காட்டலாம். அலை எட்டாத பள்ளத்தாக்குக்கு அதுவே ஏற்றது. ஒரு திரையை ஐந்து வகுப்புகள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். அண்மையிலுள்ள சில பாடசாலைகள் சேர்ந்து பழுதுபார்ப்பார் ஒருவரை அமர்த்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழில் ஆரம்ப வகுப்புக்குரிய பாடங்கள் வேண்டும். கொழுந்தும் மலையும் இலயமும் அறிந்த பிள்ளைக்குரிய பாடத்தை ஆக்குதற்குப் பெரும் பணம் வேண்டா; அப்பிள்ளையை அறிந்த ஆசிரியர் வேண்டும். அத்தகைய ஆசிரியர் இன்று மலைநாட்டிற் பலர் உளர்.

முடிவு

சபையாரின் சந்தா, துரையின் அறை, அரசின் நன்கொடை, அயல்நாட்டு உதவி எனத் தோட்டப் பாடசாலை பிறர் பொருளால் நடந்த வரலாறே நீண்டது. கொடுத்தவர் ஒவ்வொருவரும் தாம் தகும் எனக் கருதியதைக் கொடுத்தனர். எது வேண்டும் எனப் பிள்ளையின் பெற்றாரைக் கேட்டார் மிகச் சிலர். கணினித் திரையும் அவ்வாறே வந்திறங்குமாயின், 1907 ஆம் ஆண்டின் அறையைப் போல அதுவும் பெயரளவில் நிற்கும்.

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்து இன்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் உயர்நிலையில் இருப்போர் பலர். ஏனைய பகுதிகளில் ஊராரின் பிடியரிசியால் எழுந்த கல்லூரிகளிற் பயின்றோரும் பலர். தாம் பெற்ற கல்வியின் விலையை யார் செலுத்தினர் என்று அவர்கள் எண்ணிப்பார்த்தல் நன்று. அவர்தம் உதவி, தோட்டத்துப் பெற்றாரின் சங்கத்தோடு சேர்ந்து, அவர் வகுத்த பட்டியலின்படி செல்லுமாயின், அது நன்கொடை என்னும் நிலையிலிருந்து ஊர்ப்பொருள் என்னும் நிலைக்கு உயரும். இருநூறு ஆண்டுகளாக நாட்டுக்குப் பொருள் ஈட்டித் தந்த மக்கள், தம் பிள்ளையின் பாடசாலைக்கு வேண்டியது எது என்று தாமே சொல்லும் உரிமையைப் பெறும் நாளிலேதான் தோட்டம் ஊராகும்.